பழைய காரை அப்படியே வைப்பதா, புதுசாக்குவதா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா வாங்கிய 1966 அம்பாசடர், மார்க் 2. பதினெட்டு வருடமாக வைக்கோல் கொட்டகையில் நிற்கிறது. பெயிண்ட் மங்கி, பானெட் சுண்ணாம்பு பூத்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தரைத் தகடு, கதவுகள், டேஷ்போர்டு எல்லாம் தாத்தா விட்டுப்போனபடியே இருக்கின்றன. தை மாதம் வீட்டில் கல்யாணம். அதற்குள் வண்டியைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

திருவாரூரிலிருந்து ஒரு அம்மா. அப்பா ஓட்டிய 1979 பிரீமியர் பத்மினி கார், வாசல் வேப்பமரத்தடியில் மழையிலும் வெயிலிலும் நின்றிருக்கிறது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் மிதியடியைத் தூக்கினால் தரை தெரிகிறதாம், வண்டியின் தரை இல்லை, வாசல் தரை. "அப்பா கை பட்ட வண்டி, ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற மனசு வரவில்லை" என்கிறார்.

இருவருக்கும் என் பதில் அவரவர் ஆசைக்கு நேர் எதிராகத்தான் இருக்கப்போகிறது. கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு: நானே ஒரு வண்டியைக் கெடுத்திருக்கிறேன். மாமனார் கொடுத்த பழைய ஃபியட் ஒன்றை ஒரு பட்டறையில் முழுசாகப் பிரிக்கக் கொடுத்தேன். மூன்று மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆனது. திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. முன்பக்கக் கண்ணாடி எங்கே என்றால், "கீறல் சார், புதுசு போட்டாச்சு." ஸ்டியரிங் நடுவிலிருந்த ஹாரன் வளையம் எங்கே என்றால், "நிக்கல் போயிருந்தது சார்." டிரைவர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் மாமனார் முப்பது வருடம் முழங்கை வைத்துத் தேய்த்த இடம் இருந்தது, அதற்கும் பட்டி பூசிவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. நான் "புதுசு மாதிரி வேணும்" என்றேன், அவர்கள் கொடுத்தார்கள். மாமனார் ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, யாரோட வண்டி?" என்றார்.

## எதை வைத்து முடிவு செய்வது

காசிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். காசு கடைசி. முதல் கேள்வி, வண்டியில் அசல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது.

இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. கதவைத் திறந்து, வெளியே தெரியாத ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் நைசான வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டு மெதுவாகத் தேயுங்கள். அடுக்கடுக்காக வளையம் தெரியும். மேலே பிறகு அடித்த வெள்ளை, அதன் கீழே ஒரு நீலம், அதன் கீழே பிரைமர், கடைசியில் தகடு. ஒரே நிறமும் பிரைமரும் மட்டும் தெரிந்தால், உங்கள் வண்டி பெரும்பாலும் கம்பெனி பெயிண்டிலேயே இருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்பிராகாரத்தில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேல் அடுக்கை உடைத்துப் போடவில்லை. அதைத் தனியாக உரித்தெடுத்துக் காப்பாற்றினார்கள். மேலே இருப்பதும் சரித்திரம்தான், கீழே இருப்பதும் சரித்திரம்தான் என்ற அந்தப் பதற்றம் கார் விஷயத்திலும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

இரண்டாவது, துரு. மேல்துருவா, ஓட்டைத் துருவா? ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின்சக்கர வளைவு, ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், இங்கெல்லாம் தட்டுங்கள். 'டங்' என்றால் தகடு, 'தப்' என்றால் பட்டி. குத்தினால் உள்ளே போகிறது என்றால் விஷயம் தீவிரம். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனியாகச் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், கிடையாது, பாடியே சேசிஸ். கீழ்ப்பெட்டி செத்துப்போனால் அழகு போகிறது என்று அர்த்தமில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மாதிரி வண்டிகள் வேறு கதை. அதில் தனிச் சேசிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், துண்டு துண்டாகக் கழற்றலாம்.

மூன்றாவது, வண்டி எங்கே நிற்கப்போகிறது? நம் ஊரில் இதுதான் பாதி தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த வேட்டி இரண்டு நாள் ஆனாலும் காயாத ஊர் இது. வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கமென்றால் உப்புக்காற்று வேறு. கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது.

நான்காவது, ஓட்டப்போகிறீர்களா? ஓட்டினால் எவ்வளவு? மாதம் ஒரு முறை கோயிலுக்கா, தினமும் ஆபீசுக்கா? ஐந்தாவது, ஆர்சி புத்தகம் யார் பெயரில், எந்த நிலையில் இருக்கிறது? இதற்குப் பின்னால் வருகிறேன்.

## வழி ஒன்று: அப்படியே காப்பது

அப்படியே காப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். கொட்டகையில் போட்டுத் தார்ப்பாய் மூடிவிட்டு, "ஒரிஜினலா இருக்கு" என்று பெருமை பேசுவது காப்பது இல்லை, மெதுவாகக் கொல்வது. அதிலும் பிளாஸ்டிக் தார்ப்பாய் மகா பாவம். உள்ளே ஈரம் வேர்த்து வேர்த்து, திறந்து விட்ட வண்டியைவிட வேகமாகத் துரு பிடிக்கும். பருத்தித் துணி உறைதான் சரி. வைக்கோலும் காரும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கிற எலி எங்கே வரும்? கொட்டகைக்குத்தான் வரும், வந்ததும் ஒயரிங்கில்தான் பல்லைத் தீட்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கழுவிக் காயவைத்து, மேல்துரு இருக்கும் இடத்தில் துருவை நிறுத்தும் மருந்து பூச வேண்டும். கடைகளில் கிடைக்கும் இந்த மருந்துகள் சிலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். இரும்புத் துருவோடு சேர்ந்து கறுப்பாக இறுகி, ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்ளும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கறுப்பு புதிதில்லை, அதே ரசாயனம்தான். மங்கிய பெயிண்டை மெழுகு போட்டு மெதுவாக உயிர்ப்பிக்கலாம். ஆனால் கையில் காம்பவுண்டும் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) மெஷினும் கிடைத்தால் சிலர் நிறுத்தவே மாட்டார்கள். அறுபது வருடப் பெயிண்ட் ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஓரங்களில் ஒரு நிமிடம் கூடுதலாகத் தேய்த்தால் பிரைமர் வந்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டியவையும் உண்டு. பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், டயர் மூன்றிலும் 'ஒரிஜினல்' என்று அடம் பிடிப்பது முட்டாள்தனம். பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்படவில்லை, ஊறி உப்பி வெடிக்கும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்ற பெட்ரோலில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, டேங்கை உள்ளிருந்தே அரிக்கும். ஓட்டாத வண்டியில் டேங்கைக் காலி செய்து வையுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் வீசாதீர்கள், துணியில் சுற்றி, சீட்டு எழுதி, ஒரு டிரங்குப் பெட்டியில் போடுங்கள்.

மறைமுகச் செலவு என்ன? உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். மாதம் இரண்டு முறை ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, உறையை எடுத்துக் காற்றாட விட வேண்டும். நல்ல கூரையும் சிமென்ட் தரையும் வேண்டும், சில வீடுகளில் அதுவே பெயிண்ட் செலவைத் தாண்டும். அப்புறம் சொந்தக்காரர்களின் வாய். "ஏம்ப்பா, பெயிண்ட் அடிக்கக்கூடக் காசில்லையா?" இதைத் தாங்கும் மனசு இல்லாதவர்கள் இந்த வழிக்கே வராதீர்கள்.

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெபிள் பீச்சில் நடக்கும் கார் அழகுப் போட்டிதான் இந்த உலகத்தில் பெரிய மேடை. பல காலமாக அங்கே உச்சப் பரிசு வாங்கியதெல்லாம் கண்ணாடி போல மினுக்கிய வண்டிகள். 2024இல் முதல் முறையாக, மறுபடி பெயிண்ட் அடித்துப் புதுசாக்காத பிரிவிலிருந்து ஒரு வண்டி, 1934இன் புகாட்டி டைப் 59, அந்தப் பரிசை வாங்கியது. வெடிப்பு விட்ட கறுப்புப் பெயிண்டோடு. நம் அம்பாசடர் புகாட்டி ஆகாது, தெரியும். ஆனாலும் விஷயம் தெரிந்தவர் ஒரு வண்டியை வாங்க வந்தால் எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்பது மாறிக்கொண்டிருக்கிறது.

## வழி இரண்டு: முழுசாகப் பிரித்துப் புதுசாக்குவது

இதைக் கேவலமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. சில வண்டிகளுக்கு இதுதான் உயிர். கீழ்ப்பெட்டி உளுத்த வண்டி, ஏற்கெனவே நான்கு முறை பெயிண்ட் மாறிய வண்டி, சீட்டு முதல் விளக்கு வரை யாரோ மாற்றிவிட்ட வண்டி, இவற்றில் காப்பதற்கு அசல் என்று எதுவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது தென்னை விழுந்து நசுங்கிய வண்டிகளையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஆனால் கணக்கு எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். பட்டறை முதலில் சொல்லும் தொகை, பெயிண்டை உரிப்பதற்கு முன் சொல்லும் தொகை. உரித்த பிறகுதான் அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் மொத்தத் தொகை பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: பிரிப்பது தனி, டிங்கரிங் தனி, இன்ஜின் தனி, பெயிண்ட் தனி. ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் பாருங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் போன் கேமராவில் எடுத்து வையுங்கள். நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

இன்ஜினில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினைப் போரிங் போடும்போது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும்போது, அதிலிருந்து இரும்பு போகிறது. இருபது தௌ, நாற்பது தௌ, அறுபது தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஏற ஏற, பிறகு உள்ளே ஸ்லீவ் என்ற புதுக் குழாயை அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகும். புகை வராத, எண்ணெய் குடிக்காத இன்ஜினை "எல்லாத்தையும் புதுசாக்கிடலாம் சார்" என்ற ஒரு வார்த்தைக்காகப் போரிங் போடுவது, வாழ்நாளில் ஒரு பங்கைச் சும்மா தேய்த்துக் கொட்டுவதற்குச் சமம். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன், சிலிண்டரின் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவே மாட்டார். அப்படிப்பட்டவரைத் தேடுங்கள். ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வால்வு வந்து உட்காரும் இடமான வால்வு சீட்டைக் கெட்டியான உலோகத்தில் மாற்றச் சொல்லுங்கள். 2000க்குப் பிறகு பெட்ரோலில் ஈயம் இல்லை, அந்த ஈயம்தான் பழைய வால்வு சீட்டுக்கு மெத்தை போல இருந்தது.

துருவை எடுக்க மணல் வீச்சு அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். தடிமனான அச்சு, சக்கரம் இவற்றுக்குச் சரி. பானெட், கூரை, கதவு போன்ற மெல்லிய தகட்டுக்கு வேண்டாம், மணல் அடிக்கும் வேகத்தில் நெளிந்துவிடும். நம் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு என்று கல்லில் மணலை வீசிக் கல்வெட்டெழுத்துகளை மழுங்க வைத்த கதை நமக்கெல்லாம் தெரியும். சுத்தம் ஆனது உண்மைதான். படிக்க ஒன்றும் இல்லாமல் போனதும் உண்மை.

பாகங்கள் இன்னொரு தலைவலி. அம்பாசடர் 2014 வரை தயாரானதால் அதன் இன்ஜின், பிரேக் சாமான்கள் இன்னும் தேடினால் கிடைக்கும். ஆனால் 1966 வண்டியின் கிரில், மீட்டர், கைப்பிடி, விளக்கு வளையம் அதே அச்சில் கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னைப் புதுப்பேட்டையில் நான்கு நாள் அலைந்து, கடைசியில் எண்பதுகளின் வண்டியிலிருந்து எடுத்த கைப்பிடியோடு திரும்பியவர்கள் உண்டு. கழற்றிய பழைய கைப்பிடியைச் சுத்தம் செய்து மறுபடி குரோம் போடுவது எப்போதும் மேல். கும்பகோணம் பக்கத்தில் பித்தளைப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. உடைந்த சின்ன பித்தளைப் பாகத்தைப் பார்த்து வார்த்துக் கொடுப்பவர் ஒருவராவது அகப்படுவார்.

இன்னொரு செலவு யாரும் சொல்வதில்லை. புதுப் பெயிண்ட் அடித்த வண்டியை ஓட்டப் பயமாக இருக்கும். அறுவடை டிராக்டர் எதிரே வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் ஃபியட்டை நான் ஓட்டியதைவிடத் துடைத்தது அதிகம்.

## வழி மூன்று: கீழே புதுசு, மேலே பழசு

எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்க விரும்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத, உயிர் காக்கும் பகுதிகளை நன்றாகச் செய்துவிட்டு, கண்ணுக்கும் கைக்கும் படும் பகுதிகளைத் தொடாமல் விடுவது. உளுத்த கீழ்ப்பெட்டியை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு பீய்ச்சி, தரையைக் கட்டிவிடலாம். அதே வண்டியில் டேஷ்போர்டு, சீட்டு, ஸ்டியரிங், கதவு விளிம்பின் தேய்மானம் எல்லாம் அப்படியே இருக்கலாம். கிழிந்த ரெக்சினுக்குப் புதுத் துணி போடாமல், அதே நிறத் துண்டை உள்ளிருந்து வைத்துத் தைக்கலாம்.

இதிலும் சங்கடம் உண்டு. கீழே வெல்டிங் போட்ட இடத்துக்கு மேலே பெயிண்ட் கருகும்; அங்கே புதுப் பெயிண்ட் அடித்தால் பக்கத்துப் பழைய பெயிண்டோடு ஒட்டாமல் துருத்தித் தெரியும். நிறத்தைப் பொருத்தப் பொறுமையான பெயிண்டர் வேண்டும். பாதிப் பட்டறைகள் இந்த வேலையை எடுக்கவே மாட்டார்கள். "முழுசா அடிச்சா சுலபம் சார்" என்பார்கள், அவர்களுக்குச் சுலபம்தான்.

## வழி நான்கு: புது இன்ஜின், ஏசி

சுருக்கமாகச் சொல்கிறேன். அம்பாசடரில் மாட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றி ஓட்டிய ஊர் நம் ஊர், அதனால் இது புதுப் பழக்கம் இல்லை. தினமும் ஓட்ட வேண்டும், அசலாக எதுவும் மிச்சமில்லை, விற்கும் எண்ணமும் இல்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அசலான வண்டியில் செய்யாதீர்கள். இன்ஜின் மாற்றம், ஆர்டிஓ ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

## காகிதம்

நிறம் மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். வெள்ளை என்று எழுதியிருக்கும் வண்டியைச் சிவப்பாக்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள்.

15 வருடம் தாண்டிய சொந்தக் காரின் பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பல வருடம் விட்டிருந்தால் அபராதமும் சேரும். பட்டறைக்குப் போகும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த 'விண்டேஜ்' விதி ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவானால் 'விஏ' என்ற எழுத்தோடு எண் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடிக்கூடு, இன்ஜின் இவற்றை மாற்றியமைத்த வண்டிக்குக் கிடையாது, அதாவது வழி நான்கில் போனவர்களுக்கு இந்தக் கதவு சாத்தப்பட்டது. இன்னொன்று, விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டம் கூடாது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுக் காசு எடுக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

## இப்போது அந்த இருவர்

திருவாரூர் அம்மாவுக்கு: தரை போன பத்மினியை அப்படியே வைத்தால் இன்னும் இரண்டு மழைக்காலத்தில் கதவு மூடாது, பிறகு கண்ணாடி விரிசல் விடும். அப்பா கை பட்ட இடம் எது? ஸ்டியரிங், கியர் லீவர், கதவுக் கைப்பிடி, சீட்டு. தரைத் தகடு இல்லை. முதலில் வேப்பமரத்தடியிலிருந்து எடுங்கள். கூரை போட்ட இடம் இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டிலாவது நிறுத்துங்கள். பிறகு ஸ்டியரிங்கையும் சீட்டையும் நீங்களே கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, மிச்ச வண்டியைத் தைரியமாக டிங்கரிங்குக்கு அனுப்புங்கள். வெட்டட்டும், வெல்டிங் செய்யட்டும், முழுசாகப் பெயிண்டும் அடிக்கட்டும், ஆர்சியில் இருக்கும் அதே நிறத்தில். திரும்பி வந்ததும் கழற்றியதை மாட்டிக்கொள்ளலாம். பட்டறையில் யார் எதைக் கேட்டாலும் சீட்டை மட்டும் கொடுக்காதீர்கள், புது ரெக்சின் போட்டே திருப்பித் தருவார்கள்.

மன்னார்குடிக்காரருக்கு: தை மாதக் கல்யாணத்துக்குள் முழு வேலை முடியாது, முடிகிறது என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வைக்கோலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், பிரேக்கையும் பெட்ரோல் லைனையும் புதுசாக்குங்கள், 5.90-15 டயர் நான்கு தேடுங்கள், ஆர்சியைப் புதுப்பியுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி அந்த மங்கல் பெயிண்டோடு, மாலை போட்டுக்கொண்டு வரட்டும். பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்று அப்புறமும் தோன்றினால் அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம், வண்டி எங்கும் போகாது. இப்போதைக்கு அந்தக் கதவு ஓரத்தில் கட்டைவிரல் அகலம் தேய்த்துப் பார்த்து, எத்தனை வளையம் தெரிகிறது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.